முன்பணமும் பங்குச் சீட்டும்

பட்டு நெசவுத் தெருக்களில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் சாதாரணமாக விசாரிக்கிற விஷயம் ஒன்று உண்டு. "தறி சொந்தம்தானே? சரி, தறியில ஓடுற பாவு யாரோடது?" கேள்வி சின்னதுதான். அந்த வீட்டின் நிலைமை முழுவதும் அதற்கான பதிலில் இருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைத் தாண்டித் தெற்கே வந்தால் வெம்பாக்கம் வட்டாரம். அங்கிருந்து செய்யாறு வழியாக மேற்கே போனால் ஆரணி. எடை குறைவான, விலையும் சற்றுக் கைக்கு அடக்கமான பட்டுப் புடவைகளுக்குப் பெயர்போன ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இந்த இரண்டு பட்டு நகரங்களுக்கும் நடுவே இருக்கிற கிராமங்களில் வயலும் உண்டு, தறியும் உண்டு. கூடத்தில் குழி தோண்டி, தறி பூட்டி, அதே கூடத்தின் ஓரத்தில் சாப்பிட்டுத் தூங்குகிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன.

அப்படியொரு வீட்டில்தான் அந்த அம்மாளும் இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெயர் எதற்கு? இந்தப் பக்கத்தில் அவரைப் போல நிறைய பேர் இருக்கிறார்கள்.

அவர் பிறந்த வீட்டில் இரண்டு தறிகள் இருந்தன. இரண்டும் சொந்தத் தறிகள். ஆனால், அதில் ஏறிய பாவு, ஊடைப் பட்டு, ஜரிகை எல்லாமே முதலாளியுடையவை. முதலாளி பாவு கொடுப்பார், அப்பா நெய்து கொடுப்பார். புடவைக்கு இவ்வளவு என்று கூலி. இதில் தப்பென்று சொல்ல ஒன்றும் இல்லை. சிக்கல், முன்பணத்தில் இருந்தது.

வட்டி இல்லாத கடன்

அத்தை கல்யாணத்துக்கு ஒரு தொகை. தாத்தா ஆஸ்பத்திரியில் படுத்தபோது ஒரு தொகை. கூரையை மாற்றி ஓடு போட்டபோது இன்னொன்று. கேட்டபோதெல்லாம் முதலாளி கொடுத்தார். வட்டி கேட்கவில்லை. பத்திரம் எழுதச் சொல்லவில்லை. ஊரில் அவருக்கு நல்ல மனிதர் என்றே பெயர். அது பொய்யும் இல்லை. ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் பணம் கொடுக்க வேறு யார் இருந்தார்கள்?

ஆனால், அந்தக் கடனுக்கு எழுதாத ஒரு ஷரத்து இருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை வேறு யாருக்கும் நெய்யக் கூடாது. பக்கத்துத் தெருவில் புடவைக்கு நூறு ரூபாய் அதிகம் கொடுத்தாலும் போக முடியாது. கூலியை உயர்த்திக் கேட்டால், "முதல்ல பாக்கியை முடிச்சிடுப்பா" என்பதே பதில். வட்டி இல்லை என்று நினைத்த கடனுக்கு, குறைந்த கூலியாக ஒவ்வொரு புடவையிலும் வட்டி போய்க்கொண்டே இருந்தது. அப்படியே ஒரு நெசவாளர் முதலாளியை மாற்ற நினைத்தாலும், புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டித்தான் தறியை எடுத்துக்கொள்வார். முதலாளிதான் மாறினார், பாக்கி அப்படியே கூட வந்தது.

இதில் குழந்தைகளும் மாட்டினார்கள். கோர்வைப் புடவை என்றால் உடலும் கரையும் தனித்தனி நிறம். கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா, மறுபக்கக் கரைக்கு இன்னொரு நாடா. மூன்று நாடாவையும் ஒரே ஆள் ஓட்டுவது கஷ்டம். தறியின் வலது கைப்பக்கம் உட்கார்ந்து அந்தக் கரை நாடாவை வாங்கிப் போட ஒரு துணை ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது. அதனால் அந்த இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சொந்த வீட்டுத் தறியில் உட்கார்ந்தவர்கள் ஒருபுறம் என்றால், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அடுத்த வீட்டுத் தறியில் உட்கார்ந்தவர்கள் இன்னொருபுறம். 1990-களில் காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் இருந்த குழந்தைத் தொழிலாளர் நிலை நாடு முழுவதும் பேசப்பட்டது. அதன் பிறகே சிறப்புப் பள்ளிகளும் கண்காணிப்பும் வந்தன.

அந்த அம்மாள் ஐந்தாம் வகுப்போடு அப்பாவின் பக்கத்தில் தறியில் உட்கார்ந்தவர். அதைப் பற்றிப் பேசும்போது அவர் யாரையும் திட்டுவதில்லை. "அப்ப எல்லாரும் அப்படித்தான்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

புகுந்த வீட்டில் ஒரு புத்தகம்

கல்யாணமாகி வந்த வீட்டில் தறி ஒன்றுதான். ஆனால், தறியில் ஓடியது சங்கத்துப் பாவு. கணவர் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினர். பங்குத் தொகை கட்டியதற்கான சீட்டு ஒன்றும், கூலி வரவு எழுதுகிற புத்தகம் ஒன்றும் டிரங்குப் பெட்டியில் இருந்தன. பிறந்த வீட்டில் கணக்கு நோட்டு எப்போதும் முதலாளியிடம்தான் இருக்கும். இங்கே கணக்கின் ஒரு பிரதி வீட்டுக்குள்ளேயே இருந்தது. புது மருமகளுக்கு அதுதான் ஆச்சரியம்.

சங்கம் எப்படி ஓடுகிறது என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. உறுப்பினர்களின் பங்குத் தொகை முதலில் சேருகிறது. அதை வைத்து மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியில் சங்கம் காசுக்கடன் வாங்குகிறது. அந்தப் பணத்தில் பட்டு நூலும் ஜரிகையும் வாங்குகிறது. பட்டு நூல் வாங்கக் காஞ்சிபுரத்தில் அறிஞர் அண்ணா பட்டுப் பரிமாற்றகம் இருக்கிறது. ஜரிகைக்கு அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை ஆலை இருக்கிறது. நூல் உறுப்பினர் வீட்டுக்கு வருகிறது. நெய்த புடவையைச் சங்கத்தில் எடை போட்டு, அளந்து, குறை இருக்கிறதா என்று பார்த்து, நிர்ணயித்த கூலியைக் கொடுக்கிறார்கள். புடவை கோ-ஆப்டெக்ஸுக்கோ, சங்கத்தின் சொந்த விற்பனைக் கடைக்கோ, கண்காட்சிக்கோ போகிறது. 1935-ல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ், இதுபோன்ற நெசவாளர் சங்கங்கள் சேர்ந்து உருவான தலைமைச் சங்கம்தான். அரசுக் கடை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

கூலியில் ஒரு சிறு பகுதியைச் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்துக்காகப் பிடிப்பார்கள். அரசும் தன் பங்குக்கு அதில் ஒரு தொகையைச் சேர்க்கும். அவசரத்துக்கு அதிலிருந்து கடன் எடுக்கலாம். சங்கம் லாபத்தில் ஓடினால் தீபாவளிக்கு போனஸ் உண்டு.

முதல் சில வருடங்கள் அந்தப் பிடித்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. கைக்கு வர வேண்டிய காசை ஏன் பிடிக்கிறார்கள் என்று கணவரிடம் சண்டை போட்டிருக்கிறார். பெரியவளின் காதுகுத்துக்கும், பிறகு பையனின் பாலிடெக்னிக் கட்டணத்துக்கும் அந்தப் பணம் வந்தபோதுதான் சண்டை நின்றது. பிறந்த வீட்டில் இதே செலவுகளுக்குத்தான் முன்பணம் வாங்கினார்கள். அங்கே அது கழுத்தில் விழுந்த கயிறு. இங்கே சொந்தப் பணம்.

நெசவாளர்கள் தொடங்கிய கதை

கூட்டுறவு என்ற யோசனைக்கும் தறிக்கும் உள்ள உறவு பழையது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-ல் 28 பேர் சேர்ந்து ஒரு சின்ன மளிகைக் கடை வைத்தார்கள். அவர்களில் பலர் நெசவாளர்கள். கூலி குறைந்து, கடைக்காரர்களிடம் கலப்பட மாவை அதிக விலைக்கு வாங்கி நொந்துபோனவர்கள். ஒருவருக்கு ஒரு ஓட்டு, லாபத்தை வாங்கிய பொருளின் அளவுக்கேற்பப் பிரித்துக்கொள்வது என்று அவர்கள் வகுத்த விதிகளே இன்றும் உலகம் முழுக்கக் கூட்டுறவின் அடிப்படை. அதே நூற்றாண்டில் ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமத்து விவசாயிகளுக்காகக் கடன் சங்கங்களைத் தொடங்கினார். கனடாவின் கியூபெக்கில் 1900-ல் அல்போன்ஸ் டெஜார்டின் தொடங்கியது, அமெரிக்கக் கண்டத்தின் கடன் சங்கங்களுக்கு முன்னோடியானது.

சென்னை மாகாண அரசு, கிராமத்து மக்களை வட்டிக் கடையிலிருந்து மீட்க வழி தேடும்படி ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் சொன்னது. ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து அவர் 1890-களில் கொடுத்த அறிக்கை, 1904-ல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டத்துக்கு வழிவகுத்தது. அதே 1904-ல் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திரூரில் நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் உருவானது. அதே ஆண்டு அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. இந்தியாவின் நகரக் கூட்டுறவு வங்கிகளின் கதை அங்கே தொடங்குகிறது. வெம்பாக்கத்துக்காரர்கள் பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடுகிற ஊர் அது.

1904 சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் கொடுத்தது. 1912-ல் வந்த சட்டம்தான் உற்பத்தி, விற்பனை என்று மற்றச் சங்கங்களுக்கும் கதவைத் திறந்தது. நெசவாளர் சங்கங்கள் வளர்ந்தது அந்த வழியில்தான்.

ஊருக்குள் சுற்றுகிற காசு

ஒரு பட்டுப் புடவை ஒரு ஆளின் வேலை இல்லை. நூலை முறுக்கேற்றுபவர், சாயம் போடுபவர், பாவு ஓட்டுபவர், தெருவில் பாவை நீட்டிக் கட்டித் தோய்த்துக் கொடுப்பவர்கள், பழைய பாவோடு புதிய பாவைப் பிணைப்பவர், ஜக்கார்டுக்கு டிசைன் அட்டை அடிப்பவர், வீட்டில் தார் சுற்றும் பாட்டி... இவ்வளவு பேரின் கை பட்ட பிறகே நெசவாளர் நாடாவை எடுக்கிறார். தறி ஓடினால் இத்தனை வீட்டில் அடுப்பு எரியும். தறி நின்றால் இவர்களும் நிற்க வேண்டியதுதான்.

புடவை விற்ற லாபம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்து ஊரின் நிலைமை மாறும். வியாபாரி வெளியூரில் இருந்தால் லாபமும் வெளியூருக்குப் போய்விடும். சங்கத்தில் மிஞ்சுகிற பணம் போனஸாகவும் பங்கு ஈவாகவும் அதே தெருவுக்குத் திரும்புகிறது. அது மளிகைக் கடை பாக்கியை அடைக்கிறது. டெய்லர் கடைக்கும், ஸ்கூல் வேனுக்கும், கோயில் திருவிழா வசூலுக்கும் போகிறது.

கடன் சங்கத்தின் வேலையும் இதே மாதிரிதான். கையில் காசில்லாத மாதம் நெசவாளர் வீட்டில் உறுதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக் குழிக்குள் தண்ணீர் ஊறும். ஈரக்காற்றில் பாவைத் தோய்த்துக் காயவைக்க முடியாது. அப்போது நகையை எடுத்துக்கொண்டு போக இரண்டு இடங்கள். ஒன்று, அடகுக் கடை. இன்னொன்று, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கம். அந்த அம்மாளின் இரண்டு வளையல்கள் எத்தனையோ மழைக்காலங்களைக் கூட்டுறவுச் சங்கத்துப் பெட்டகத்தில் கழித்துவிட்டுத் தை மாதம் கைக்குத் திரும்பியிருக்கின்றன. அடகுக் கடையில் வைத்த தோடு ஒன்று மட்டும் வட்டி ஏறி ஏறித் திரும்பவே இல்லை.

1989-ல் தருமபுரியில் தொடங்கித் தமிழ்நாடு முழுக்கப் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதே யோசனையின் தங்கச்சிதான். பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பது. 

சங்கம் கைவிட்ட நாட்கள்

இப்படியெல்லாம் சொன்னால் கூட்டுறவுச் சங்கம் என்றாலே பாலும் தேனும் ஓடுவதுபோலத் தோன்றும். அப்படி இல்லை என்று நெசவாளர்களுக்குத் தெரியும்.

புடவை விற்காமல் இருப்பில் தேங்கினால், சங்கத்தின் பணம் அலமாரியில் முடங்கிவிடும். வங்கிக் கடனுக்கு வட்டி மட்டும் ஏறும். அடுத்த பாவு கொடுக்கப் பணம் இருக்காது. விற்ற சரக்குக்கும் அரசு மானியத்துக்கும் பணம் வரத் தாமதமானால் அதே கதைதான். தறியே இல்லாதவர்களின் பெயரில் உறுப்பினர் அட்டை, விசைத்தறிப் புடவையைக் கைத்தறிக் கணக்கில் காட்டுவது, தனியார் சரக்கைச் சங்கத்து வழியாகத் தள்ளுவது என்று கூட்டுறவை உள்ளிருந்தே அரித்த தில்லுமுல்லுகளும் உண்டு. நிர்வாகக் குழுத் தேர்தல் நடக்காத வருடங்களில் தனி அலுவலர் பொறுப்பில் சங்கம் ஓடும். அப்போது உறுப்பினருக்கு அது "நம்ம சங்கம்" இல்லை, இன்னொரு கவர்மென்ட் ஆபீஸ்.

அந்த அம்மாளின் வீட்டிலும் அப்படி ஒரு காலம் வந்தது. 2020-ல் ஊரடங்கு. கல்யாணங்கள் நின்றன. இருபது பேரோடு நடந்த கல்யாணங்களுக்கு யாரும் கூடை கூடையாய்ப் பட்டு வாங்கவில்லை. தறியில் இருந்த பாவு முடிந்தது, அடுத்த பாவு வரவில்லை. கணவர் வாரத்துக்கு இரண்டு முறை சங்கத்துக்கு நடந்தார். "வந்ததும் சொல்லி அனுப்புறேண்ணே" என்பதைத் தவிர மேலாளரிடமும் பதில் இல்லை. சேமிப்பிலிருந்து எடுத்த கடன் சில மாதம் ஓடியது. பிறகு, கணவர் ஒரு தனியார் முதலாளியிடம் பாவு வாங்கி வந்தார். கூடவே ஒரு சின்ன முன்பணமும்.

அன்றைக்கு அவர் கணவரோடு பேசவே இல்லை. கோபம் கணவர் மேல் இல்லை. அப்பா வீட்டில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த ஒன்று, இந்த வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டதே என்ற பயம். அந்தப் பாக்கியை அடைக்க ஒன்றரை வருடம் ஆனது. அடைத்த மறு வாரமே மறுபடி சங்கத்துப் பாவு ஏறியது.

புத்தகத்தில் இல்லாத பெயர்

அதற்கடுத்த வருடம் கணவருக்குக் கண் பார்வை மங்கியது. பல வருடம் இழை இழையாகப் பார்த்த கண். வேலை மெதுவாகி, பெரும்பாலான நேரம் அந்த அம்மாளே தறியில் உட்கார்ந்தார். புடவையை அவர்தான் நெய்தார். கூலி கணவர் பெயரில் வரவானது.

அப்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. சின்ன வயதில் தறியில் உட்கார்ந்தவர் நாற்பது வருடத்துக்கு மேல் நெய்திருக்கிறார். எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் இல்லை. அப்பாவுடைய முதலாளியின் நோட்டில் அப்பா பெயர். சங்கத்துப் புத்தகத்தில் கணவர் பெயர். சேமிப்பு அவருக்கு, ஓட்டு அவருக்கு, ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிப்பதென்றாலும் அவருக்குத்தான். பட்டுத் தறியில் பெண்கள் செய்வதற்கு "துணை வேலை" என்றே பெயர். பாதிப் புடவை அந்தத் துணையில் நெய்யப்பட்டது என்றாலும்.

மகள் செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறாள். விடிகாலையில் கம்பெனி பஸ் வரும். மாதச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் அவள் பெயரில். இந்த வட்டாரத்துத் தறிகளை விட்டு இளம்பெண்கள் அங்கே போவதற்கு இதுவே முதல் காரணம். "தறிக்கு ஆள் இல்லை" என்று புலம்புகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடமும் இது. மகளைத் தறிக்கு வா என்று அந்த அம்மாள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. ஆனால், மகள் ஒருநாள் சம்பளச் சீட்டைக் காட்டிவிட்டுக் கேட்டாள்: "உன் பேர்ல இந்த மாதிரி ஒரு காகிதம் இருக்காம்மா?"

மறு வாரம் அவர் சங்கத்துக்குப் போனார். ஆதார், போட்டோ, பங்குத் தொகை. மேலாளர், "அண்ணன் பேர்லதான் இருக்கேக்கா, எதுக்கு இன்னொன்னு?" என்றார். "நெய்யறது நான்தானே?" என்றார் அம்மாள். சில கையெழுத்துகள், தறியை நேரில் பார்த்துவிட்டுப் போன ஒரு விசாரணை, கொஞ்சம் அலைச்சல். எல்லாம் முடிந்து அவர் பெயரில் ஒரு பங்குச் சீட்டு வந்தது. கூலி இப்போது அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது.

நம் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது

ஐக்கிய நாடுகள் சபை 2025-ஐச் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. மாநாடுகள் நடந்தன, பேனர்கள் கட்டப்பட்டன. ஆனால், ஒரு கூட்டுறவுச் சங்கத்தை உயிரோடு வைப்பவர்கள் இரண்டு பேர்தான்: கேள்வி கேட்கிற உறுப்பினர், வாங்க வருகிற வாடிக்கையாளர்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கும்போது, ஒரு முறையாவது கூட்டுறவுச் சங்கத்துக் கடைக்கோ கோ-ஆப்டெக்ஸுக்கோ போய்ப் பாருங்கள். 1985-ம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி பட்டுப் புடவை கைத்தறிக்கு உரியது. ஆனாலும், விசைத்தறிப் புடவை கைத்தறி என்ற பெயரில் விற்பது நின்றபாடில்லை. கைத்தறி முத்திரையும் பட்டு முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள், எந்தச் சங்கத்தில் நெய்தது என்று கேளுங்கள். பால் சங்கம், வேளாண்மைக் கடன் சங்கம், பணியாளர் சிக்கன நாணயச் சங்கம் என்று ஏதாவது ஒன்றில் நீங்களும் உறுப்பினராக இருக்கலாம். பேரவைக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் மடித்து வைத்துவிடாமல் போய் உட்காருங்கள்.

அந்த அம்மாள் போனார். உறுப்பினரான பிறகு வந்த முதல் பேரவைக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, மிக்சர். வரவு செலவு அறிக்கையை வேகமாக வாசித்து முடித்து, "எல்லாரும் ஏத்துக்கறீங்கதானே?" என்று கேட்டபோது பின்வரிசையில் அவர் எழுந்தார்.

"இருப்புல இத்தனை புடவை நிக்குதுன்னு படிச்சீங்களே, அதுல ஒரு வருஷத்துக்கு மேல நிக்கிறது எத்தனை?"

மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலாளர் பதிவேட்டைத் திறந்து, பக்கங்களைப் புரட்டி, கூட்டித் தேடி எண்ணைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆனது. ஏன் விற்கவில்லை, எந்த டிசைன், அடுத்த பாவுக்கு எந்த நிறம் என்று பேச்சு அங்கிருந்து வளர்ந்தது. கூட்டம் முடிய மதியம் தாண்டிவிட்டது.

அவருடைய அப்பா முப்பது வருடம் ஒரே முதலாளிக்கு நெய்தார். அந்த நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை.